நாற்பதைத் தாண்டினால் அடி

காரின் வேக முள் நாற்பதைத் தாண்டினால், ஓட்டுகிற என் தோளில் பிரம்பு விழும். முதலாளி ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரி. அவருடைய அண்ணன் கார் கவிழ்ந்து செத்தவர். அதனால் வேகம் என்றாலே அவருக்கு ஈரக்குலை நடுங்கும். பின் சீட்டில் இருந்துகொண்டு அந்தப் பயத்தை எல்லாம் என் முதுகில் இறக்கினார். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். ஊரில் கார்களே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். இந்த வேலை போனால் எனக்கு வேறு வண்டி கிடையாது.

கார் வாங்கும்போதே கிழடு. அதன் ஸ்பீடாமீட்டர் சில்வண்டு மாதிரி கத்தும். அந்தச் சத்தம் நின்ற பிறகு முள்ளுக்குப் பேய் பிடித்துவிட்டது. மாட்டுவண்டியை முந்துவதற்குள் நாற்பது காட்டும்.

"மொதலாளி, முள்ளு கூடக் காட்டுது. வண்டி அம்புட்டு வேகம் போகல."

"முள்ளு பொய் சொல்லுதா, நீ சொல்லுதியாலே?" அதற்கும் ஒன்று விழுந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவருக்கு ஒரு வழக்கு. போகிற வழியில், பாக்கெட் கடிகாரத்தை எடுத்து மைல்கல்லுக்கு மைல்கல் நேரம் பார்க்கும்படி கெஞ்சினேன். பார்த்தார். ஒரு மைலுக்குச் சரியாக இரண்டு நிமிஷம். அப்படியென்றால் வேகம் முப்பதுதான். முள் ஐம்பதில் நின்றது.

அவர் கடிகாரத்தைப் பாக்கெட்டில் போட்டார். பிறகு, "இத ஏன்லே முன்னாடியே சொல்லல?" என்று கேட்டு அடித்தார். நாலு தடவை சொல்லியிருந்தேன். ஆனாலும் முள்ளைச் சரிசெய்துவிட்டால் அடி நின்றுவிடும் என்று முட்டாள்தனமாக நம்பினேன்.

அவர் கோர்ட்டுக்குள் போனதும் ஒரு வேப்பமர நிழலில் மீட்டரைக் கழற்றினேன். வண்டி நின்ற பிறகும் முள் மெல்லத்தான் இறங்கும். ஆகவே கோளாறு சக்கரத்தின் சுழற்சியை மீட்டருக்குக் கொண்டுவரும் கேபிளில் இல்லை, மீட்டருக்குள்தான் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை நெம்பி எடுத்தேன். உள்ளே ஒரு காந்தம் சுற்றும். அதன்மேல் தொடாமல் கவிழ்ந்திருக்கும் சின்னக் கிண்ணம்தான் முள்ளைத் திருப்பும். இரண்டுக்கும் நடுவே பிசின் போல விளக்கெண்ணெய். காந்தத்தோடு சேர்த்துக் கிண்ணத்தை அது பிடித்து இழுத்து, முள்ளைக் கூடுதலாகத் திருப்பியிருக்கிறது.

அந்த எண்ணெயை ஊற்றியவன் நானேதான். கத்தல் நிற்கட்டும் என்று, வண்டி அச்சுக்கு விடுவதுபோல மீட்டரில் செருகும் கேபிளின் மேல்முனையில் தாராளமாக விட்டிருந்தேன். இரண்டு மாத அடியை நானே வரவழைத்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. பெட்ரோலில் துணியை நனைத்து எல்லாவற்றையும் துடைத்தேன். கேபிளை உருவிக் கழுவி, கீழ்முனையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினேன்.

திரும்பும்போது முள் முப்பதில் ஆடாமல் நின்றது. கடிகாரமும் ஒத்துக்கொண்டது. வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். முதலாளி முன்னால் சாய்ந்தார். சாய்ந்த வேகத்திலேயே பிரம்பு வந்தது. காதுமடல் கிழிந்தது.

வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பின்கதவைத் திறந்தேன். பிரம்பைப் பிடுங்கி அவர் தோளில் ஓங்கிப் போட்டேன். இன்னொன்றும் போட்டேன். முதல் அடி காதுக்காக. இரண்டாவது, எனக்கு ருசித்ததால்.

அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சீட்டில் சுருண்டார். "கொன்னுறாதப்பா," என்றார். அறுபது வயது மனுஷன். பிரம்பைச் சாலையோர ஓடைக்குள் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

கோர்ட்டுப் படியில் விழுந்துவிட்டதாக அவர் வீட்டில் சொன்னார். என் மனைவி காதைப் பார்த்துப் பதறியபோது, கார்க் கதவு இடித்தது என்று நான் சொன்னேன்.

மறுநாள் வெறுங்கையோடு வந்து ஏறினார். அதற்குப் பிறகு அடி இல்லை, அதட்டல்கூட இல்லை. நான் கியர் மாற்றக் கையை எடுக்கும்போதெல்லாம் பின்னால் அவர் உடம்பு ஒடுங்குவது கண்ணாடியில் தெரியும். ஒரு மாதம் அதைப் பார்த்தேன். பிறகு வேலையை விட்டுவிட்டேன்.