சம்பந்தி ஆன கதை

ஏற்காட்டில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு லாட்ஜில் அம்மணியும் கண்ணாயியும் ரூம் கூட்டுகிறவர்கள். கண்ணாயி புருஷனை இழந்த குப்பனூர்க்காரி. அம்மணிக்கு மாரமங்கலத்தில் மூக்கன் என்று ஒரு புருஷன் இருந்தான், இருந்தான், அவ்வளவுதான். லாட்ஜின் பின்கட்டில் இருவருக்கும் பல வருஷமாக ஒரே பாய். ஒருத்திக்கு இன்னொருத்தி உசிர். அதற்கு என்ன பேர் என்று இருவருக்குமே தெரியாது.

தொண்ணூற்றாறில் மொட்டைமாடிக்கு டிஷ் வந்தது. மத்தியானம் காலி ரூமில் பெட்ஷீட் மாற்றும்போது டிவியில் ஓர் இங்கிலீஷ் நாடகம் ஓடும். இரண்டு வெள்ளைக்காரப் பொம்பளைகள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவார்கள்; சமைப்பார்கள், சண்டை போடுவார்கள், முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். பேச்சு ஒன்றும் விளங்காது, மற்றதெல்லாம் நன்றாகவே விளங்கியது.

"ஏன்டி, இவளுகள ஊர்ல ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்களா?" என்றாள் கண்ணாயி.

"அவளுகளுக்கு ஊரே இல்ல போலடி. ஊடு மட்டுந்தான் இருக்குது."

அந்த நாடகம்தான் அம்மணிக்கு ஆசையைக் கிளப்பிவிட்டது. மூக்கன் வேறு, வேலையை விட்டு வீட்டோடு வந்து கிட என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் மகள் அமுதாவைக் கண்ணாயியின் மகனுக்குக் கட்டிவைப்பது.

"சம்பந்தம் பண்ணிட்டா நான் குப்பனூர்ல வந்து கெடந்தா எவன்டி கேப்பான்?"

அவளும் இந்தச் சீமையில் பிறந்தவள்தானே, முறை தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கல்யாணம் முடிந்த கையோடு, சம்பந்திகள் இருவரும் ஒரே லாட்ஜில் கக்கூஸ் கழுவினால் தனக்கு என்ன மரியாதை என்று மருமகன் தன் ஆத்தாளைக் குப்பனூருக்கே கூட்டிப்போய்விட்டான். அம்மணி தனிப் பாயில் புரண்டு புரண்டு அழுதாள். தாங்கமாட்டாமல் ஒரு நாள் துணிமணியை அள்ளிக்கொண்டு பஸ் ஏறினாள்.

குப்பனூரில் இலை போட்டு உபசரித்தார்கள். பொழுது சாயவும் அமுதா பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"பொண்ணக் குடுத்த ஊட்டுல ராத்தங்குனா நாலு பேரு சிரிப்பாங்கம்மா. பஸ்சு போயிரும், கெளம்பு."

அம்மணி கண்ணாயியைப் பார்த்தாள். இருடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாளா? வாசலில் மகனும் பங்காளிகளும் நின்றிருந்தார்கள். கண்ணாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க, சம்பந்தி."

இத்தனை வருஷத்தில் அவள் அம்மணியை 'வாங்க' என்றது அதுதான் முதல் தடவை. அம்மணி கைகூப்பினாள்.

"வர்றேனுங்க."