உரசிய தீக்குச்சி

தவக்காலத்தில் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று ஜெபிப்பது எங்கள் பள்ளி மாணவிகளின் வழக்கம். அன்று சிஸ்டரோடு நாங்கள் போனது, குச்சி அடுக்கும் வேலைக்குப் போன தீப்பெட்டி ஆபீஸில் நடந்த தீவிபத்தில் உடம்பெல்லாம் வெந்துபோன ஒரு அக்காவின் வீட்டுக்கு. கொண்டுபோன பழங்களை வைத்துவிட்டு, எப்போதும்போல மெழுகுதிரி ஏற்ற நான் தீக்குச்சியை உரசினேன்.

அந்தச் சத்தம் கேட்டதுமே அக்கா அலறினார். அசைய முடியாத உடம்பு கட்டிலில் துடித்தது.

"ஏட்டி, அத அணைட்டி!" அவருடைய அம்மா ஓடிவந்து வெறுங்கையால் சுடரைப் பொத்தினார்.

நாங்கள் வெட்கிக் கிளம்பியபோது அக்காவின் குரல் மெல்ல வந்தது. "போயிராதீங்க தாயி. தீ இல்லாம ஜெபம் பண்ணுங்க."

பண்ணினோம். ஈஸ்டருக்கு முன்பே அக்கா இறந்துவிட்டார்.

கல்லறையில் எல்லோரும் மெழுகுதிரி ஏற்றினார்கள். சிஸ்டர் தன் சுடரை என் திரியருகே நீட்டினார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.