அமெரிக்கத் தூதர், அறுபது பிரதி

வாசகசாலைப் பொறுப்பாளர் என்றால், யாரும் கேட்காத புத்தகத்துக்குத் தினமும் தூசி தட்டுகிறவர் என்பது தட்டியவர்களுக்குத் தெரியும். வாசகசாலையைச் சோதனை போட வந்த நாளன்று எங்கள் அறையில் இருந்தவர்கள்: மேலதிகாரி ஒருவர், அவர் குடையைப் பிடித்துக்கொண்டிருந்த எஸ்டேட் கிளார்க் ஒருவர், தொழிலாளர்கள் முப்பத்தேழு பேர், நான். ஆக நாற்பது. புத்தகம் வாங்கியவர்களில் வராதவர் கருப்பையா ஒருவர்.

வந்த பெட்டி

எழுபதுகளில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். தேயிலைக் கொழுந்தை எடை போட்டே ஓய்வு பெற்றவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கணக்குப் பிசகாதவன் என்று வாசகசாலைச் சாவியைக் கொடுத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பினார். அறுபது புத்தகம், அறுபதும் ஒரே புத்தகம். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கத் தூதர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதல் தொண்ணூறு பக்கமும் கப்பலில் வாந்தி எடுக்கிறார்.

மேலதிகாரி சோதனைக்கு வரும் நாளில் பாதிப் புத்தகமாவது வெளியே போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை உரக் கிடங்காகிவிடும் என்றார் கிளார்க். லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் என் வீடு ஒரே அறை, எட்டுப் பேர். கூச்சக்காரனான நான் வாய் திறக்காமல் உட்கார இருந்த இடம் இந்த வாசகசாலை ஒன்றுதான். கிளார்க் வழியும் சொன்னார்: "முப்பது பேரைப் பிடிச்சிருங்க பெரியவரே. படிக்கணும்னு சட்டம் இல்ல."

ஒரு பக்கக் குடும்பம்

கொழுந்தெடுக்கும் செல்லம்மாள் புத்தகம் வாங்கிப் போன மூன்றாம் நாளே வந்து, தூதரின் மனைவி எங்கே வருகிறாள் என்று கேட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கல்யாணம், அடுத்த பக்கத்தில் அடக்கம், நடுவில் நான்கு பிள்ளைகள். தூதர் அப்போது வேறொரு நாட்டில் விருந்தில் இருந்தார். படித்துவிட்டுக் கேட்டாள்: "நாலு பெத்தவளுக்கு ஒரு பக்கம், விருந்துக்கு ஆறு பக்கம். எழுதுனவன் ஆம்பளதான அண்ணாச்சி?"

பதினோரு மாதம்

யூனியன்காரர் கருப்பையா மட்டும் முழுதும் படித்தார். ஒரு ராஜாவிடம் ஒப்பந்தக் கையெழுத்து வாங்க, தூதர் பதினோரு மாதம் அரண்மனை வாசலில் உட்கார்ந்திருந்தாராம். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று கருப்பையா கொடுத்த மனு, மேனேஜர் மேசையில் மூன்று மழைக்காலமாக நனையாமல் கிடந்தது. அவரும் புத்தகத்தோடு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். "அவன் உக்காந்ததுக்குப் புஸ்தகமே போட்டிருக்கான். நான் உக்காந்தா ஒரு தகரமாவது போட மாட்டானா?"

சோதனை நாள்

முப்பத்தெட்டுப் பிரதி வெளியே போயிருந்தது. தேவைக்கு எட்டு அதிகம். ஆனால் மேலதிகாரி வருகிறார் என்றால் செடி வெட்டும் கவாத்துக் கத்தி, கூடை எல்லாவற்றையும் ஸ்டோரில் எண்ணி ஒப்படைப்பது எஸ்டேட் வழக்கம். அவர் வருவதற்கு அரை மணி முன்னதாக முப்பத்தேழு பேர் புத்தகத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு, அதே வழக்கப்படி ஒப்படைக்க வரிசையில் நின்றார்கள். கூச்சத்தில் ஒவ்வொன்றாய் வாங்கி அலமாரியில் அடுக்கினேன். செல்லம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு: "ஒண்ணு குறைஞ்சாலும் உங்க தலையிலதான விழும் அண்ணாச்சி, அதான் எல்லாரையும் கூட்டியாந்துட்டேன்."

அதிகாரி எண்ணினார். வெளியே இருந்தது, ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்த கருப்பையாவின் பிரதி ஒன்றுதான். அலமாரியை மெச்சிவிட்டுச் சொன்னார்: "இத்தனை சுத்தமா அடுக்கியிருக்கீங்களே, உர மூட்டையையும் இதே மாதிரி அடுக்கிடுங்க."

கருப்பையா உட்கார்ந்து பதினோரு மாதம் ஆகும் முன்பே லயத்துக்குத் தகரம் வந்தது, வாசகசாலைக்கு உரம் வந்தது, எட்டுப் பேர் படுக்கும் என் வீட்டுக்கு மிச்சத் தூதர்கள் ஐம்பத்தொன்பது பேர் வந்தார்கள்.