வெந்தது எது, பச்சை எது

நான் மூன்றாவது படித்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் அம்மாவுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. உத்திரமேரூர் ஏரியை ஒட்டிய சின்ன ஊர். மொத்தமே அறுபது பிள்ளைகள். கூடப் படிக்கிறவர்கள் பார்க்க அம்மா குண்டான் தேய்ப்பதில் எனக்கு வெட்கம். மதியத்தில் அவளைத் தெரியாதவள் போல நடந்துகொள்வேன்.

அம்மா சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று முட்டை போடும் நாள். வெந்த முட்டைகளைப் பச்சைத் தண்ணீரில் ஆறவைத்து, துடைத்து, கூடையில் அடுக்கிவிட்டுக் கைபம்புக்குப் போயிருந்தாள். பக்கத்திலேயே, மறுநாள் பால்வாடிக்குப் போகவேண்டிய பச்சை முட்டைகள் ஓர் அட்டையில் இருந்தன. அட்டையில் பாதிக் குழிகள் காலி. ஏனோ எனக்கு அது பொறுக்கவில்லை. கூடையிலிருந்து எடுத்து எல்லாக் குழிகளையும் நிரப்பினேன். அதோடு விட்டேனா? பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று கூடைக்கும் அட்டைக்கும் மாற்றி மாற்றி அடுக்கிவிட்டு, திருப்தியோடு போய் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

சமையல்காரம்மா போட்ட கூச்சலில் தலைமையாசிரியரே எழுந்து வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது? எது வெந்தது, எது பச்சைன்னு யாருக்குத் தெரியும்? யாரு கலந்தது?” என்றார் சமையல்காரம்மா.

அம்மா வரிசையைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

“நான்தான் கவனிக்காம வெச்சிட்டேங்க” என்றாள்.

எல்லாவற்றையும் மறுபடி வேகவைக்கலாமென்றால், வெந்த முட்டை மறுநாள்வரை அந்த வெயிலில் தாங்காது. தலைமையாசிரியரின் முகம் இறுகியது. அம்மாவின் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அம்மா ஒரு முட்டையை எடுத்துச் சிமெண்டுத் தரையில் படுக்கவைத்துச் சுழற்றிவிட்டாள். பம்பரம் போலச் சுற்றியது. சுற்றிக்கொண்டே எழுந்து நின்றது! இன்னொன்றைச் சுழற்றினாள். அது குடிகாரன் மாதிரி தள்ளாடியது. அதை விரலால் தொட்டு நிறுத்தி, உடனே விரலை எடுத்தாள். நின்றுபோன முட்டை, யாரும் தொடாமல், தானாக மறுபடி சுற்றத் தொடங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“இது பச்சை சார். ஓடுதான் நின்னுது. உள்ள தண்ணியா கீது இல்ல, அது இன்னும் சுத்திக்கினு கீது” என்றாள்.

நிலைமம் என்ற சொல்லை ஒன்பதாம் வகுப்பில் பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை.

பிறகு எல்லார் கையிலும் முட்டைகள். தாழ்வாரம் முழுக்க அறுபது பிள்ளைகள் மண்டிபோட்டு முட்டை சுழற்றினோம். தரையெங்கும் வெள்ளை வெள்ளையாகச் சுழன்றன. “வெந்தது!”, “பச்சை!” என்று கத்தல். உடைந்தது ஒன்றே ஒன்று, தலைமையாசிரியர் சுழற்றியது. என் பக்கத்திலிருந்தவளிடம், “அது எங்கம்மா” என்றேன், அவளுக்குத் தெரியாதது போல.

எல்லாம் பிரித்து முடிந்ததும், “யாரும்மா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

“எட்டாவதுல டீச்சர் செஞ்சு காட்டினாங்க சார்.”

“அப்புறம் ஏம்மா மேல படிக்கல?”

அம்மா சிரித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினாள். சார் ஏதோ வேடிக்கையாகக் கேட்டுவிட்டார் என்று நினைத்து நானும் சத்தமாகச் சிரித்தேன்.