ரெஜினா டீச்சர் ஒட்டிய தேக்கு

கோல சிலாங்கூர் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ரெஜினா டீச்சரின் கணவர் அந்தோணி. "சார், ரெஜினா போயிட்டா," என்றார். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கு எதுவும் தெரியாமல் இருந்திருக்கிறது. கணையத்தில் புற்றுநோய் என்றும், பல மாதங்களாக மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தார் என்றும் அந்தச் சந்தை இரைச்சலில்தான் தெரிந்துகொண்டேன். அந்த மாதங்களில் பெரும்பாலான சனிக்கிழமைகளில் நான் அவர் வீட்டில் இருந்தேன்.

எங்கள் பள்ளியில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவர் கணக்கு டீச்சர். சிரிக்காமல் கேலி பேசுகிறவர். ஈஜோக் ஊரில் இருந்த தன் வீட்டின் பின்னறையில் அவர் ஸ்பீக்கர் செய்வது சிலருக்குத்தான் தெரியும். எனக்கும் ஒரு விளையாட்டுப் போட்டியன்றுதான் தெரிந்தது. மண்டபத்து ஸ்பீக்கர் கரகரத்தது. எல்லாரும் ஒயரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வந்து பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். "பெட்டி அதிருது சார். பெட்டி பாடக்கூடாது. உள்ள இருக்கிறதுதான் பாடணும்," என்றார்.

ஓய்வுபெற்ற பிறகு, என் புத்தக அலமாரியில் வைக்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்துதரக் கேட்டேன். பிளைவுட்டை அறுத்து, உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து, பஞ்சு அடைத்து அவர் பெட்டிகளை முடித்த அன்று, மேலே ஒன்றும் ஒட்டாமலே ஒரு நாதஸ்வரப் பதிவைப் போட்டார். வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேணாம், மூஞ்சியே சொல்லிடுச்சு. இனி சட்டை போட்டு விடணும், அவ்வளவுதான்," என்றார்.

சட்டை என்றது வெனீரை. காகிதம்போல் மெல்லிதாகச் சீவிய தேக்கு. பெட்டியிலும் தேக்கின் முதுகிலும் பசை தடவிக் காயவிட்டு, சூடான அயர்ன் பெட்டியால் அழுத்தி ஒட்ட வேண்டும். அந்த வேலையில்தான் நான் அவரைப் படுத்தினேன். மேற்பலகையின் மர வரிகள் பக்கவாட்டில் இறங்கி வரவில்லை என்றேன். குனிந்து பார்த்தார். "ஆமா லா," என்று சொல்லி, மறுபடி சூடு காட்டி உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். அடுத்த வாரம் ஒரு கொப்புளம் தெரிகிறதென்றேன். அதற்கடுத்து, மெருகு கறுத்துவிட்டது என்றேன். உப்புத்தாள் போட்டு முழுவதையும் தேய்த்தெடுத்தார். நடுநடுவே நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன டீச்சர், வயசாயிடுச்சா?" என்றேன்.

"உங்களுக்கு மட்டும் குறையுதாக்கும்," என்றார்.

இருவரும் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அந்தோணியைப் பார்க்கப் போனேன். "முடியாதவங்கள இப்படி வேலை வாங்கியிருக்கேனே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?" என்றேன்.

"சொல்லட்டுமான்னு கேட்டேன் சார். கூடாதுன்னுட்டா. சாருக்குத் தெரிஞ்சா எல்லாமே அழகா இருக்குன்னு ஆரம்பிச்சிடுவாரு, வர்றவங்க எல்லாம் அப்படித்தான் பேசுறாங்க, ஒருத்தராவது முன்ன மாதிரியே பேசட்டும்னா."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னார். ஓரளவு இருந்தது. ஆனால் டீச்சர் மறைத்தது நோயைத்தான். வயிற்றை என் கண்ணெதிரேதான் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அவரால் என்ன சமாதானம் வைத்துவிட்டுப் போக முடியும்?

பிறகு அந்தோணி உள்ளேயிருந்து ஒரு சிறிய ஜோடி ஸ்பீக்கரைத் தூக்கி வந்தார். தனக்காக மனைவி கடைசியாகச் செய்தது என்றார். மேசையில் வைத்துவிட்டு, "பாத்துச் சொல்லுங்க சார்," என்றார்.

அழகாக இருக்கிறது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். தூங்கிப் பல நாளான முகம். பிறகு பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றின் கீழ் விளிம்பில் தேக்கு எழும்பி நின்றது. கைக்கு வலு போதாமல் போன இடம்.

"இந்த ஓரம் சரியா ஒட்டல, அந்தோணி," என்றேன்.

அவர் கண் கலங்கியது. ஆனால் கோபப்படவில்லை. எழுந்து போய் அயர்ன் பெட்டியை எடுத்து வந்தார். அவர் ஸ்பீக்கரை அசையாமல் பிடித்துக்கொள்ள, ஒரு துணியை மேலே போட்டு நான் அழுத்தினேன். ஓரம் படிந்தது.

ரெஜினா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: குறை சொல்லுமுன் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். முதலாவதை அவர் இருக்கும்போது நான் செய்யவில்லை.