தோளில் தேய்த்த சாராயம்

மண்ணூர் யாக்கோபு பத்து வருஷம் குடித்தான். ஒருநாளும் போலீஸில் மாட்டவில்லை. குடியை விட்டு இரண்டு வருஷம் கழித்து, தொண்ணூற்றொன்றில் மாட்டினான். தலையெழுத்துக்குக்கூட அவன் விஷயத்தில் நேரம் காலம் தெரியவில்லை.

வடக்குப்பட்டுப் பக்கம் கல்குவாரியில் ஜல்லி லாரி ஓட்டினான். அவன் குடித்த காலத்தில் மனைவி ஞானம்மா பிள்ளையோடு வாலாஜாபாத்துக்கு, தாய்வீட்டுக்கே போய்விட்டாள். சபையார் முன்னால் வேதபுத்தகத்தில் கைவைத்து, 'இனிமே தொடமாட்டேன்' என்று அவன் சத்தியம் செய்த பிறகுதான் திரும்பி வந்தாள். வந்தவள் தினமும் வாசலிலேயே அவன் வாயை மோந்து பார்ப்பாள். அவனும் சின்னப்பிள்ளை மாதிரி ஊதிக் காட்டுவான்.

அன்றைக்கு டயர் மாற்றும்போது தோள் பிசகிவிட்டது. குவாரியில் சுளுக்குக்கு மருந்து சாராயம்தான். சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு வண்டியை எடுத்தான். ஒரகடத்தில் போலீஸ் மறித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. சாராய வாடை அடிக்கிறது என்று டாக்டர் எழுதினார். எங்கிருந்து அடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

முதலாளியின் கணக்குப்பிள்ளை தணிகாசலம் கோர்ட்டு வழக்கம் அறிந்தவர். "இன்னாத்துக்குடா வீம்பு? ஒத்துக்கினா ஃபைன நாங்க கட்டிக்கிறோம், சாயங்காலமே வண்டி வந்துடும். இல்லேன்னு நின்னா வண்டி ஸ்டேஷன்லயே துரு புடிக்கும். அப்பால உனக்கு இங்க இன்னா வேல கீது?"

வீட்டில் ஞானம்மாவிடம், "தோள்லதான் தேய்ச்சேன், கர்த்தர் மேல ஆணை" என்றான்.

"தோள்லயா தேய்ச்ச, தொண்டையிலயா?" என்றாள். அதற்குமேல் கத்தவில்லை. துணிமணியை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை.

வேலை போனால் மயிரே போச்சு, கோர்ட்டில் இல்லை என்றே சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டுதான் கூண்டில் ஏறினான். நிரபராதி என்று கோர்ட்டே சொன்னால் இவளும் நம்பித்தானே ஆகவேண்டும்?

"குடிச்சிட்டு வண்டி ஓட்டினியா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

வாசலில் ஞானம்மா நின்றாள், இடுப்பில் பிள்ளை, காலடியில் பெட்டி. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவள், கேள்வி காதில் விழுந்ததும் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். ஒத்துக்கோ. எந்தக் கோர்ட்டு விடுதலை செய்தாலும் இவள் நம்பப்போவதில்லை. இல்லை என்று சொன்னால் அது இவள் கணக்கில் இன்னொரு பொய்.

"குடிச்சேங்க ஐயா."

தணிகாசலம் ஃபைனைக் கட்டினார், லாரி சாவி கைக்கு வந்தது. ஞானம்மா பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

"இப்பவாச்சும் உண்மைய சொன்னியே, அது போதும்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நா எங்கியும் போவல. வா, நம்ம வூட்டுக்குப் போலாம்."

ரோட்டில் ஏற ஸ்டீயரிங்கை ஒடித்தபோது தோள் விண்ணென்று தெறித்தது. வலிக்கிறது என்று காட்டினால் பழைய பொய்யைத் தொடர்கிறான் என்று நினைப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.