கம்ப்ரஷன் இல்லாத என்ஜின்

எங்கள் ஊரில் கம்ப்ரஷன் என்பது என்ஜினுக்கு மட்டுமான சொல் அல்ல. மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிறவனைப் பார்த்து, "என்ன மாப்ளே, கம்ப்ரஷன் போச்சா?" என்பார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் குழந்தை இல்லாதவனிடமும் அதே சொல்லைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். போடியிலிருந்து மலைமேல் இருக்கிற மெட்டுக்கு ஆளும் லோடும் ஏற்றிப் போகிற டீசல் ஜீப்புகளை நம்பிப் பாதி ஊர் பிழைக்கிறது. டீசல் என்ஜினில் அழுத்தம் குறைந்தால் காலையில் வண்டி கிளம்பாது, கொண்டை ஊசி வளைவில் ஏறாது. ஆகவே கம்ப்ரஷன் கூடினால் நல்லது, குறைந்தால் கேடு. இதற்கு மேல் யோசிக்க இங்கே யாருக்கும் தோன்றியதில்லை. இந்த ஒற்றைச் சொல்லால் என் மகளையும் என்னையும் மலையிலிருந்து உருட்டிவிடப் பார்த்தார்கள்.

நான் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் மெட்டுக்கு அப்பால் எங்களுடைய சின்ன ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார், மாதத்துக்கு ஒருமுறைதான் இறங்கி வருவார். ஒரே மகள். கோயம்புத்தூரில் என்ஜின்களைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். என் தம்பி மெட்டு ரோட்டில் ஜீப்பு ஷெட் வைத்திருக்கிறான். ஜீப்பைப் பொறுத்தவரை அவன் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை.

என்னிடம் பழைய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கும் கடைக்கும் அது போதும். தோட்டத்துக்கு உரமூட்டையோடு கிளம்பினால்தான் பாடு. ஏசியை அணைத்து, முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். பின்னால் வரும் ஜீப்புக்காரர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள். ஒருமுறை அப்படிப் போய் வந்த பிறகுதான் மகள் சூப்பர்சார்ஜர் வைக்கலாம் என்றாள். என்ஜினோடு பெல்ட்டில் சுற்றும் ஊதுகுழாய் அது. என்ஜின் தானாக இழுக்கிற காற்றுக்கு மேல் இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளும்.

"அப்ப கம்ப்ரஷன் கூடுமா?" என்று நான் கேட்டேன். நானும் இந்த ஊர்க்காரிதானே.

"கூடக் கூடாதும்மா. கொறைக்கணும்" என்றாள்.

இலவம்பஞ்சுத் தலையணை தைக்கிற கடையை உதாரணமாகச் சொல்லித்தான் எனக்குப் புரியவைத்தாள். சாதாரணமாகப் பஞ்சை உறைக்குள் விட்டு, கையால் அமுக்கித் தைப்பார்கள். ஒருவன் ஏற்கெனவே திணி திணி என்று திணித்துக் கொடுத்த உறையைப் பழையபடியே அமுக்கினால் தையல் பிய்ந்துவிடும். சூப்பர்சார்ஜர் திணிக்கிறவன், பிஸ்டன் அமுக்குகிறவன். திணிப்பு கூடினால் அமுக்கலைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் பெட்ரோல் பற்றவேண்டிய நேரத்துக்குக் காத்திராமல் சூட்டிலேயே தானாக வெடிக்கும். அந்த வெடிப்பு பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதற்குச் சமம்.

அவளுடைய ஒரு விடுமுறை முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சுதான். காரின் சொந்த விகிதம் ஒன்பதரைக்கு ஒன்று. அதாவது ஒன்பதரைப் பங்கு இடத்தில் இருக்கும் காற்றை ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குவது. ஏழரைக்கு இறக்கினால் எந்தப் பயமும் இல்லை. ஆனால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது, ஊதுகுழாய்க்கு வேலை இல்லாத நேரத்தில், வண்டி சோம்பிக் கிடக்கும், பெட்ரோலும் குடிக்கும். எட்டரைக்கு மேல் போனால் எங்கள் ஊர் பங்க்கில் கிடைக்கிற சாதாப் பெட்ரோல் மலையேற்றத்தின் சூட்டைத் தாங்காது. கடைசியில் எட்டேகால் என்று முடிவு செய்தாள்.

பிறகு பிஸ்டன். பழைய பிஸ்டனையே வைத்துக்கொண்டு என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் தகட்டைத் தடிப்பாகப் போட்டு இடத்தைக் கூட்டலாம் என்று அவளுடன் வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்னாராம். அப்படிச் செய்தால் பிஸ்டனுக்கும் ஹெட் என்கிற அந்த மூடிக்கும் நடுவில் சந்து விழும், தீ ஒழுங்காகப் பரவாது என்று இவள் மறுத்துவிட்டாள். தலையில் கிண்ணம் போலக் குழிந்த பிஸ்டன்தான் வேண்டும் என்றாள். அதிலும் வார்த்த பிஸ்டனா, அடித்துச் செய்த பிஸ்டனா என்று ரொம்ப நேரம் குழம்பினாள். அடித்துச் செய்தது வலுவானது, ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் சுற்றிலும் இடைவெளி கூடுதலாக விடவேண்டும். காலைக் குளிரில் கொஞ்ச நேரம் கடகடக்கும்.

"ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறப்ப சத்தம் போட்டா உனக்குச் சங்கடமா இருக்குமாம்மா?" என்று கேட்டாள். பந்தயக் கார் செய்கிறவள் கேட்கிற கேள்வியா இது? அம்மா ஓட்டுகிற வண்டி என்று எண்ணி எண்ணிச் செய்தாள். சத்தம் பரவாயில்லை என்றேன். அடித்துச் செய்ததையே வரவழைத்தாள்.

தம்பியின் ஷெட்டில் அவளே என்ஜினைக் கோத்தாள். ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே செம்புத் தகட்டில் வெட்டிய கேஸ்கெட்டை வைத்தாள். பளபளவென்று இருந்த அதை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. முடித்ததும் தம்பி தன் கம்ப்ரஷன் மீட்டரைச் சொருகிப் பார்த்தான். முள் அவன் பார்த்துப் பழகிய இடத்துக்கு ஏறவில்லை.

"என்ன ஆத்தா, சீக்குக் கோழி மாதிரி இருக்கு. ஷெட்டுல கெடக்குற என் கண்டம் ஜீப்பு இதவிட நல்லா அடிக்குமே" என்றான். ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கோபப்படவில்லை. தலையணைக் கடையில் ஆரம்பித்து அவனுக்கும் எல்லாவற்றையும் விளக்கினாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு அவள், கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டி என்ஜினைப் பழக்கும்படி அவனிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டுக் கோயம்புத்தூர் போனாள்.

அடுத்தமுறை வந்து ஓட்டிப் பார்த்தபோது வண்டி பாய்ந்தது. "நான் நெனச்சதவிட நல்லா இழுக்குதே மாமா" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் சின்னதாக ஒரு சந்தேகம் இருந்தது. தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் தோட்டத்துக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் உரமூட்டை. அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டி, சோதனைச் சாவடியைத் தாண்டி, ஏசி போட்டுக்கொண்டே ஏறினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதி மலை ஏறியிருப்போம். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியதுபோல முன்னால் ஒரு சத்தம். மகள் உடனே மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஆனால் வளைவின் நடுவில் இருந்தோம், பின்னால் ஜீப்பு, நிற்க இடமில்லை. வளைவைத் தாண்டிவிட எண்ணிக் கொஞ்சம் மிதித்தாள். பட்டென்று ஓர் அடி. நீலப் புகை. என்ஜின் நின்றுவிட்டது.

என்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவி போய்விடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மிதி கல்லாகிவிட்டது. கார் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. ஓரத்துக் குட்டைச் சுவர் என் பக்கத்துக் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. மகள் பிரேக்கின் மேல் ஏறி நின்றபடி கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். பின்னால் வந்த ஜீப்பிலிருந்து தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் குதித்தார்கள். "கல்லு கொண்டாங்கடி, வெரசா" என்று ஒரு குரல் கேட்டது. சக்கரத்துக்கு அடியில் கல் விழுந்த பிறகே கார் நின்றது. இறங்கிப் பார்த்தேன். சுவருக்கும் டயருக்கும் நடுவில் என் கைப்பையை வைக்க இடம் இருந்திருக்காது.

தம்பி ஜீப்பைக் கொண்டுவந்து கயிறு கட்டி இறக்கினான். நாங்கள் வீடு வந்து சேருவதற்கு முன்பே ஜீப்பு ஸ்டாண்டுக்குச் செய்தி போயிருந்தது. டீச்சர் மகள் கோத்த என்ஜின் மலையில் செத்துவிட்டது, கம்ப்ரஷன் இல்லாத என்ஜினை மெட்டில் ஏற்றினால் அப்படித்தான் ஆகும் என்று பேசிக்கொண்டார்களாம். அதை வந்து சொன்னதும் தம்பிதான். மத்தியானம் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டான். நான்தான் குழம்பு ஊற்றினேன். மகள் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்த்து, "விடு ஆத்தா. மொத மொதல்ல எல்லாரும் தப்புப் பண்றதுதான்" என்றான்.

அதற்குப் பிறகு அவள் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டாள். என்னிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னாள். பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. பிழை இல்லாததுதான் அவளை இன்னும் நொறுக்கியது. கணக்கு சரியாக இருந்தும் என்ஜின் உடைந்ததென்றால் தனக்கு அடிப்படையே புரியவில்லை என்றாள். "ரெண்டு பேரும் செத்திருப்போம்மா, என்னால. டெஸ்டிங் வேணாம், எழுத்து வேலை எதுனா குடுங்கன்னு கேக்கப் போறேன்" என்றாள். சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்ட வேலை அது. நான் என்ன சொல்லியும் காதில் வாங்கவில்லை.

கம்பெனிக்கு எழுதுவதற்கு முன்னால் என்ஜினை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடு என்று மட்டும் கெஞ்சினேன். ஷெட்டுக்கு நானும் கூடப் போனேன். அன்றைக்குத் தம்பி வழக்கத்துக்கு மாறாக, அதைப் பிரிக்க வேண்டாம், தேனியில் வேறு என்ஜின் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் ஹெட்டைத் தூக்கினாள். ஒரு பிஸ்டனின் ஓரம் எலி கடித்ததுபோல அரிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவள் பிஸ்டனைப் பார்க்கவில்லை. கேஸ்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது செம்பு இல்லை. கறுப்பாக, மெல்லிசாக வேறு ஒன்று. ஹெட்டைத் திருப்பினாள். அடிப்பக்கம் புதிதாக இழைத்த தடம்.

"மாமா, இத யாரு போட்டது?"

அவன் கைத்துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான்தான் ஆத்தா. மீட்டர்ல முள்ளு ஏறவே இல்ல. அப்படியே மலைக்கு அனுப்ப எனக்கு மனசு வரல. லேத்துல குடுத்து ஹெட்ட இழைச்சேன், மெல்லிசு கேஸ்கெட்டாப் போட்டேன், முள்ளும் ஏறுச்சு. உன் மேல உள்ள பிரியத்துலதான் பண்ணேன்."

"உன்னய யாருடா பண்ணச் சொன்னா?" என்றேன் நான்.

"என்னக்கா, என் மடியில வச்சுக் காது குத்துன புள்ள. தாய்மாமனுக்கு அந்த உரிமை கூடக் கெடையாதா?"

ஷெட்டில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இழைத்தது அறியாமை என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான், அன்போடும் செய்திருப்பான். ஆனால் கயிறு கட்டி இழுத்து வந்த அன்றைக்கே, உடைந்தது தன் கைவேலையால்தான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் வீட்டில் உட்கார்ந்து, என் கையால் சோறு வாங்கித் தின்று, என் மகளிடம் எல்லாரும் தப்புப் பண்றதுதான் என்றான். காது குத்த மடி கொடுத்தவனுக்குப் பழியை ஏற்க வாய் வரவில்லை. இதையெல்லாம் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன், அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

மகள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். "எட்டேகால் சரிதாம்மா" என்றாள் விரல்களுக்கு நடுவிலிருந்து.

அரித்த பிஸ்டனைக் கழற்றி வைத்திருந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிற வழியில் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பு ஸ்டாண்டில் இறங்கினேன். டீக்கடை பெஞ்சில் ஐந்தாறு டிரைவர்களோடு தம்பியும் இருந்தான். பிஸ்டனை எடுத்து அவர்கள் நடுவில் வைத்தேன்.

"எம்மக கம்ப்ரஷனக் கொறைச்சுத்தான் வச்சா. அது அப்படித்தான் இருக்கணும். இவன் அவளுக்குத் தெரியாமக் கூட்டி வச்சான், அதனால ஒடஞ்சது. இனிமே எங்கயாச்சும் பேசுனா இதச் சேத்துப் பேசுங்க" என்றேன்.

ஒரு டிரைவர் தம்பியைத் திரும்பிப் பார்த்து, "என்ன மாப்ளே, நெசமா?" என்றார். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நெசந்தான்" என்றான். எனக்கு முதல் பீரியட்டுக்கு நேரமாகியிருந்தது. வந்துவிட்டேன்.

சாயங்காலம் மகள் என்மேல் எரிந்து விழுந்தாள். நான் போய்ச் சண்டை போட்டதற்கு அல்ல. பிஸ்டனை அங்கேயே விட்டு வந்ததற்கு. அதை அளந்தால்தான் புதிய பிஸ்டனுக்கு ஆர்டர் சொல்ல முடியுமாம். ஹெட்டை இழைத்துவிட்டதால் இடம் சுருங்கிவிட்டது, அதே எட்டேகால் வரவேண்டுமென்றால் பிஸ்டனின் கிண்ணம் முன்னைவிட ஆழமாக இருக்கவேண்டும், எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட வேண்டும் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். கம்பெனிக்கு எழுதுகிற பேச்சையே காணோம். நானும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தம்பியின் ஜீப்பு வந்து நின்றது. பிஸ்டனைக் கழுவித் துடைத்து, சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. படிக்குக் கீழேயே நின்றபடி மகளிடம் நீட்டினான்.

"இப்ப எம்புட்டு ஆத்தா கொறைக்கணும்?" என்று கேட்டான்.

அவள் இறங்கிப் போய் அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். நான் அவனை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை.